நாட்டார் குரலும் நால்வர் நரம்பிசையும்: செஞ்சிக் கதைப்பாடலை உடன்வைத்து ஓர் ஆய்வு

தோற்றுவாய்

ஊர் நடுவே நின்று அதிகாரத்தை மறுத்துப் பாடிய பாடகன் ஒருவன் மறைந்தபின், அவன் பாட்டைக் கற்றோர் அவை எடுத்துக்கொள்கின்றது. அவ்வாறு எடுத்துக்கொள்ளப்பட்ட பாட்டு, பழைய வலிமையோடு வாழுமா, அன்றிக் காட்சிப்பொருளாகக் கண்ணாடிப் பேழைக்குள் அடங்கிவிடுமா என்னும் வினா, நாட்டார் இலக்கியத்தை ஆராயும் எவர்க்கும் எழுதல் இயல்பு. கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்து அச்சேற்றும் தமிழ்த்துறைகளுக்கு இவ்வினா புறத்தார் வினா அன்று. தெருவில் வழங்கிய பாட்டைக் கற்றோர் கைக்கு மாற்றும் தொழிலையே அத்துறைகளும் செய்து வருகின்றன.

இவ்வினாவை இரண்டு சான்றுகள் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று, அமெரிக்க நாட்டுப் பாடகர் பீட் சீகரைப் போற்றிக் குரோனோஸ் நால்வர் குழுவினர் 2020-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வெளியிட்ட ‘லாங் டைம் பாஸிங்’ என்னும் இசைத்தொகுதி. மற்றொன்று, செஞ்சியில் சிலகாலமே ஆட்சி செலுத்தி 1714-இல் போர்க்களத்தில் மடிந்த தேசிங்கைப் பற்றிய கதைப்பாடலும், அதற்குப் பின்னாளில் நேர்ந்தனவும். நாடும் மொழியும் இசைமுறையும் வேறாகிய இவ்விரண்டையும் ஒருங்கு வைத்தல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். முன்னதில் பாடகர் யார், எடுத்தாண்டோர் யார், எந்த ஆண்டில் எதனை மாற்றினர் என்பன யாவும் வெளிப்படை. பின்னதில் அவை பெரும்பாலும் மறைந்து கிடக்கின்றன. விளங்கிக் கிடப்பதனைக் கொண்டு மறைந்து கிடப்பதனை உணர முயல்வது ஆராய்ச்சிக்கு உரிய நெறியேயாம்.

பாடகரும் குழுவினரும்

பீட் சீகர் 1919-இல் பிறந்து 2014-இல் மறைந்தவர். தொழிற்சங்கக் கூட்டம், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம், வியத்நாம் போர் எதிர்ப்பு, ஆற்றுநீர்த் தூய்மை இயக்கம் எனத் தம் காலத்து மக்கள் இயக்கங்கள் பலவற்றிலும் பாஞ்சோ என்னும் நரம்புக் கருவியோடு நின்று பாடியவர். 1955-இல் அமெரிக்கப் பேராயத்தின் விசாரணைக் குழு அவரை அழைத்து, யார் யார் முன்னிலையில் பாடினீர் என வினவியபொழுது, அதற்கு விடையிறுக்க மறுத்தார். அம்மறுப்பிற்காக 1961-இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். 1962-இல் மேல்முறையீட்டு மன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. போரை எதிர்த்து அவர் பாடிய பாட்டொன்றை 1967-இல் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் நிகழ்ச்சியினின்றும் நீக்கியது. மறு ஆண்டே அதனை அவர் அந்நிகழ்ச்சியிலேயே பாடினார். அவர் பாட்டின் பொருள் மறுப்பு. அவர் வாழ்வின் பொருளும் அதுவே எனலாம்.

குரோனோஸ் குழு 1973-இல் டேவிட் ஹாரிங்டன் என்பவரால் தொடங்கப்பெற்றது. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கு வில்லிசை நரம்புக் கருவிகள் சேர்ந்த நால்வர் இசை, மேலை நாட்டுச் செவ்விசையில் மிகவும் நுண்ணியது எனப் போற்றப்படுவது. ஆரவாரமின்றி அமர்ந்து கேட்கும் சிறு அவைக்கு உரியது. சீகரின் பாட்டோ, பெருங்கூட்டம் எழுந்து நின்று தானும் பாடுவதற்கு உரியது. இரண்டும் எதிரெதிர் நிலையின என்பது தெளிவு.

எனினும் இவ்வெதிர்நிலை முற்றிலும் உண்மையன்று என்பதற்குச் சீகரின் இல்லமே சான்றாகின்றது. அவர் தந்தை சார்ல்ஸ் சீகர் இசையறிஞர். தாய் வயலின் கலைஞர். சிற்றன்னை ரூத் கிராஃபோர்ட் சீகர் புதுநெறி இசை இயற்றுநர். அவ்வம்மையார் 1931-இல் இயற்றிய நரம்பு நால்வரிசை இருபதாம் நூற்றாண்டுச் செவ்விசையில் தனியிடம் பெற்றது. அவரே பின்னர் உழவரும் கூலியாளரும் பாடிய பாட்டுகளை ஒலிப்பதிவினின்றும் இசைக்குறியாக எழுதும் அரும்பணியில் ஈடுபட்டார். அப்பணியின் பயனாக 1941-இல் ஒரு பெருந்தொகுப்பு வெளிவந்தது. நால்வரிசை இயற்றிய கையே நாட்டார் பாட்டை ஏட்டிற் பதித்த கையுமாயிற்று. நம் நாட்டிலும் வயலின் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாலுசுவாமி தீட்சிதர், தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு முதலியோர் கையில் தமிழகத்து இசைக்கருவியாகவே மாறியது. கருவி எவர்க்கும் நிலையுரிமை உடையதன்று.

வழிநூல் இலக்கணம்

ஒரு படைப்பினின்றும் மற்றொரு படைப்புத் தோன்றும் முறையைத் தொல்காப்பியர் மரபியலில் முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்துவர். அவ்விலக்கணம் நூலுக்குக் கூறியது. இசைக்கும் வாய்மொழிப் பாட்டுக்கும் கூறியதன்று. ஆயினும் முன்னோர் கூற்றின் பயனை ஒத்த பிற இடத்துக்கும் கொண்டு காண்டல் தவறாகாது. செய்யுளியலில் பண்ணத்தி என்னும் வகையை ஆசிரியர் எடுத்தோதுதலும், எழுதிப் பயிலாத பாட்டு வகைகளை அதற்குப் பேராசிரியர் உரிமைப்படுத்துதலும், வாய்மொழிப் பாட்டு இலக்கண நூலாரின் கண்ணுக்குத் தப்பவில்லை என்பதனைக் காட்டும்.

குரோனோஸ் தொகுதியைச் சீகர் என்னும் முதல்நூலுக்கு எழுந்த வழிநூலாகக் கொண்டால், பலர் வாயிற் பயின்ற பாட்டுகளைத் தேர்ந்து கோத்தமையின் அது தொகுத்தல். குரலுக்கு உரியதனை நரம்புக்கு ஆக்கினமையின் மொழிபெயர்த்தல். பாடகரின் பேச்சினை அடிப்படையாகக் கொண்டு புதிய இசைப்பகுதி இயற்றினமையின் விரித்தல். அனைத்தும் ஒருங்கே நோக்கின் தொகைவிரி. இவற்றை முறையே காண்போம்.

தொகுத்தல்

இத்தொகுதியைச் சீகர் இயற்றிய பாட்டுகளின் தொகுப்பு என ஒருவர் எதிர்பார்ப்பாராயின் ஏமாற்றம் அடைவர். கென்டகி மாநிலத்து ஹார்லன் வட்டாரத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் போராட்டம் நிகழ்ந்த 1931-இல், தொழிலாளி ஒருவரின் மனைவியாகிய ஃபுளோரன்ஸ் ரீஸ் என்பார் கட்டிய பாட்டு இதில் உண்டு. 1936 முதல் 1939 வரை நடந்த ஸ்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்றோர் பாடிய பாட்டுகள் உண்டு. காந்தியடிகளின் வழிபாட்டுக் கூட்டங்களில் ஒலித்ததும், 1930-ஆம் ஆண்டு உப்புப் போராட்ட நடைப்பயணத்தில் பாடப்பெற்றதுமாகிய இராம பஜனையும் உண்டு. அவ்வாண்டே இராசாசியின் தலைமையில் திருச்சிராப்பள்ளியினின்றும் வேதாரணியம் நோக்கிச் சென்ற படையினர்க்கு நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை நடைப்பாட்டு இயற்றித் தந்தமையை ஈண்டு நினைவுகூர்தல் தகும். நடந்து செல்லும் காலுக்குப் பாட்டுத் துணையாதல் எல்லா நாட்டுக்கும் பொது.

இவ்வாறு பிறர் பாட்டைத் தொகுத்தமை பிழையா? அன்று. சீகர் பெரும்பாலும் கடத்துநர். பெற்றதைத் திருத்தி, சேர்த்து, அடுத்தவர்க்குக் கொடுத்தவர். மலர்கள் எங்கே என வினவும் அவருடைய புகழ்பெற்ற பாட்டே அதற்குச் சான்று. ஷோலகோவின் ‘டான் நதி’ நாவலில் வரும் கோசக்கு நாட்டுப்பாட்டின் குறிப்பினின்றும் 1955-இல் அதனை அவர் கட்டினார். பின்னர் ஜோ ஹிக்கர்ஸன் என்னும் மற்றொருவர் அதற்கு மேலும் சில கண்ணிகளைச் சேர்த்தார். சீகர் அவற்றை ஏற்றுப் பாடியதோடு, உரிமைத் தொகையிலும் அவர்க்குப் பங்களித்தார். ‘லாங் டைம் பாஸிங்’ என்னும் தலைப்பும் அப்பாட்டினின்றே எடுக்கப்பட்டது. ஆதலின் பலர் பாட்டையும் உள்ளடக்கிய தொகுப்பே அவர் இயல்புக்கு ஒத்த தொகுப்பு ஆகும்.

இத்தொகுதியில் யாம் சிறப்பாகக் கருதுவது, சீகர் மறைந்த பின்னர்த் தோன்றிய ஒரு பாட்டும் இடம்பெற்றமையாகும். 2015-இல் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் கறுப்பின மக்கள் ஒன்பதின்மர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவருள் ஒருவராகிய போதகரின் இறுதிச் சடங்கில் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் ஒபாமா பழைய பத்திப்பாட்டு ஒன்றைத் தாமே பாடினார். அந்நிகழ்ச்சியை ஸோயி மல்ஃபர்ட் என்பவர் பாட்டாக்கினார். அப்பாட்டைச் சீகர் பாடியதில்லை, பாடியிருக்கவும் இயலாது. எனினும் அவர் செய்துவந்த தொழிலின் தொடர்ச்சி அதில் உண்டு. ஒருவரைப் போற்றுதல் என்பது அவர் விட்ட இடத்தினின்றும் தொடர்தலே என்னும் கொள்கை இத்தேர்வில் புலனாகின்றது.

தொகுத்தலில் ஓர் இடரும் உண்டு. தென்னாப்பிரிக்கப் பாடகர் சாலமன் லிண்டா 1939-இல் ஒலிப்பதிவு செய்த ‘ம்பூபே’ என்னும் பாட்டை, சீகரின் குழுவினர் 1950-களின் தொடக்கத்தில் ‘விமோவே’ எனப் பாடிப் பெரும்புகழ் பெற்றனர். அப்பெயரே மூலச்சொல்லைச் செவி பிறழக் கேட்டதனால் எழுந்தது. பின்னர் வேறு பலர் அதனைப் பொன் கொழிக்கும் பாட்டாக மாற்றினர். லிண்டாவோ 1962-இல் வறுமையில் மாண்டார். அவர் குடும்பத்தினர் தமக்குரிய பங்கை வழக்கிட்டுப் பெற 2006-ஆம் ஆண்டு வரையிற் காத்திருக்க வேண்டியதாயிற்று. குரோனோஸ் தொகுதியில் இப்பாட்டு ‘ம்பூபே’ என்னும் தன் பழம்பெயரைத் தலைக்கொண்டு நிற்பது பாராட்டத்தக்கது. மூலவரின் பெயரைக் காப்பது தொகுப்போனின் முதற்கடன் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

மொழிபெயர்த்தல்

குரலில் சொல்லும் இசையும் பிரிவின்றி நிற்கின்றன. நரம்பில் இசை மட்டுமே நிற்கும். இத்தொகுதியில் பாடகர் பலர் பங்கு கொண்டமையின் சொல் முற்றிலும் நீங்கவில்லை. ஆயினும் குரல் ஓய்ந்து நரம்பு மட்டும் ஒலிக்கும் இடங்களில் மறுப்பின் பொருள் எங்கே சென்று தங்குகின்றது?

நம் நாதசுர மரபைக் கொண்டு இதற்கு விடை காணலாம். கோயில் வீதியில் நாதசுரக் கலைஞர் கீர்த்தனை ஒன்றை வாசிக்குங்கால், அதனை அறிந்தார் நெஞ்சில் சொற்கள் தாமே எழுகின்றன. கருவி பாதி பாடுகின்றது. கேட்போன் நினைவு மீதியைப் பாடுகின்றது. அவ்வாறே சீகரின் பாட்டை இளமை முதல் பாடி வளர்ந்த அமெரிக்கர்க்கு அந்நரம்பொலி சொல்லோடு கூடியதாகவே கேட்கும். அந்நினைவு இல்லாதார்க்கோ அது இனிய ஒலியாய் நின்றொழியும். எனவே இம்மொழிபெயர்ப்பின் வெற்றி கேட்போர் நினைவைப் பொறுத்தது. இதனை இசைவாணரின் குறை எனக் கூறுதல் முறையன்று. எனினும் இத்தகைய போற்றியின் எல்லை இதுவே என உணர்தல் வேண்டும். நினைவு மங்கிய தலைமுறையில் நரம்பு எத்துணை நயம்பட ஒலிப்பினும் மறுப்பு கேளாது.

மற்றொன்று. செப்பமான ஒலிக்குப் பழகிய கலைஞர் கரடான குரலை எடுத்தாளுங்கால் அதனை மெருகேற்ற விழைவது இயல்பு. சுரங்கத் தொழிலாளியின் மனைவி கட்டிய பாட்டு, நயத்தை நாடி எழுந்ததன்று. நீ எப்பக்கம் என அண்டை வீட்டானை வழிமறித்து வினவ எழுந்தது. அவ்வினாவின் கூர்மை மழுங்காதிருக்க வேண்டுமாயின், இசையின் நயம் சற்றே பின்னிற்றல் வேண்டும். இத்தொகுதி பல இடங்களில் அவ்வாறு பின்னின்று வழிவிடுகின்றது. சில இடங்களில் நரம்பின் இனிமை பாட்டின் சினத்தை ஆற்றிவிடுகின்றது என்பதும் எம் கருத்து.

விரித்தல்

இத்தொகுதியின் நடுநாயகம், ஜேக்கப் கார்ச்சிக் இயற்றிய ‘ஸ்டோரிடெல்லர்’, அதாவது ‘கதைசொல்லி’ என்னும் நீண்ட பகுதியாகும். அதில் சீகரின் பேச்சொலிப் பதிவுகள் எடுத்துக் கோக்கப்பட்டு, அவற்றைச் சூழ்ந்து நால்வர் இசை அமைக்கப்பட்டுள்ளது. பாடகரைப் போற்ற வந்தோர் அவர் பாட்டை விடுத்துப் பேச்சை எடுத்தது ஏன்? நாட்டார் பாடகனுக்குப் பாட்டின் இடையே நிகழும் பேச்சும் பாட்டின் உறுப்பே என்பதனை அவர் உணர்ந்திருத்தலே காரணம்.

சீகர் மேடையில் பாடும்பொழுது ஒவ்வோர் அடியின் சொற்களையும் முன்னதாக உரக்கச் சொல்லிக் கொடுப்பார். கூட்டம் அவ்வடியைப் பாடும். மீண்டும் அடுத்த அடியைச் சொல்வார். அவர் கலையின் உயிர்நிலை இதுவே. பாட்டைத் தாம் பாடி முடிப்பதனினும், கூட்டத்தைப் பாட வைப்பதே அவர் நோக்கம். நம் கதைப்பாடல் மரபில் இதற்கு நேரான உறுப்பு உண்டு. வில்லுப்பாட்டிலும் தெருக்கூத்திலும் முதற்பாடகரின் அடியை வாங்கித் திருப்பிப் பாடுவோர் பின்பாட்டுக்காரர். வில்லுப்பாட்டில் கதை நிகழும்பொழுது ‘ஆமா’ எனச் சொல்லித் தாங்குவாரும் அவரே. அவர் ஊரார் சார்பில் விடை கூறுவோர். ‘ஆமா’ என்பார் இல்லையேல் கதை இல்லை.

பேச்சொலியைப் பேழையினின்றும் எடுத்து விரித்த ‘கதைசொல்லி’ மிக நேர்மையான முயற்சி. எனினும் அதில் சீகர் பேசுகின்றார். நரம்பு விடை கூறுகின்றது. கூட்டம் கேட்டு அமர்ந்திருக்கின்றது. பின்பாட்டின் இடத்தை நால்வர் எடுத்துக்கொண்டனர். அது கற்றோர் போற்றியில் தவிர்த்தற்கு அரிய இழப்பு. இவ்விழப்பை மனத்திற்கொண்டு செஞ்சிக்கு வருவோம்.

செஞ்சிப் பாட்டு

இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து அமைந்த செஞ்சிக் கோட்டை, நாயக்கர், பீசப்பூரார், மராட்டியர், முகலாயர், பிரெஞ்சியர், ஆங்கிலேயர் என ஆட்சி மாறி மாறி வந்த கோட்டை. 1677-இல் சிவாசி அதனைக் கைக்கொண்டார். நெடிய முற்றுகைக்குப் பின் 1698-இல் முகலாயர் கைப்பற்றினர். முகலாயர் சார்பில் கோட்டைத் தலைவராக இருந்த பந்தேல இராசபுத்திரர் சொரூபசிங் 1714-இல் மறைந்தார். அவர் மகன் தேசசிங், ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் இசைவின்றிப் பதவி ஏற்றுத் திறைப்பாக்கியைச் செலுத்த மறுத்து, அவ்வாண்டு அக்டோபரில் சிறுபடையோடு பொருது வீழ்ந்தான். வரலாற்றறிஞர் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் 1943-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக வெளியிட்ட செஞ்சி வரலாற்றில் இந்நிகழ்ச்சி விரிவாக ஆராயப்பட்டுள்ளது. பேரரசுகள் பல கண்ட கோட்டையின் வரலாற்றில் இது சிறியதோர் அத்தியாயம்.

மக்கள் நாவிலோ இதுவே செஞ்சியின் வரலாறு. ‘இராசா தேசிங்கு கோட்டை’ என்றே அதனை இன்றும் வழங்குகின்றனர். ஒருவரும் அடக்கவியலாத குதிரையை அடக்கிய இளைஞன். அவனோடு உயிர்நட்புப் பூண்டு, தன் மணக்கோலத்தையும் நீத்துப் போருக்கு வந்து மடிந்த இசுலாமியத் தோழன். போருக்குச் செல்லவேண்டா என முகம் திருப்பிய சிங்கவரத்து அரங்கநாதர். கணவனுடன் தீயிற் புகுந்த இராணிபாய். கதைப்பாடல் இவர்களைக் கொண்டே நடக்கின்றது. வரலாறு திறைப்பாக்கி என்று எழுதிய இடத்தில் பாட்டு தன்மானம் என்று பாடிற்று.

அரங்கநாதர் முகம் திருப்பிய செய்தி உற்று நோக்கத்தக்கது. பல்லவர் காலக் குடைவரையில் பள்ளிகொண்ட திருமேனியின் தலை சாய்ந்திருக்கும் நிலைக்கு மக்கள் கற்பித்த காரணம் அது. தெய்வமே தடுத்தும் போனான் என்பதில், வெற்றிக்காகப் போகவில்லை என்னும் பொருள் அடங்கியுள்ளது. தோல்வி முன்னரே தெரிந்த போரில் மறுப்பு ஒன்றே எஞ்சும். அதனைப் பாடுவதே இப்பாட்டின் கருத்து என யாம் கொள்கின்றோம்.

இப்பாட்டு வழங்கிய நிலம் கூத்து நிலம் என்பதும் கருதற்பாலது. செஞ்சியை அடுத்த மேலச்சேரியைத் திரௌபதி வழிபாட்டின் மூலத்தலமாக மரபு போற்றுகின்றது. அவ்வழிபாட்டை ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்னும் அறிஞர் விரிவாக ஆராய்ந்து, செஞ்சியின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கிய தம் நூலின் முதற்பகுதியை 1988-இல் வெளியிட்டார். அந்நிலத்தில் படுகளத்தன்று மண்ணால் வனைந்த துரியோதனன் உருவைச் சூழ்ந்து நிற்கும் ஊரார் வெறுங் காண்போர் அல்லர்; அக்களத்தின் பங்காளிகள். கேட்போரும் பாடுவோரும் பிரியாத அவையிலேயே தேசிங்கு கதையும் வாழ்ந்தது.

பாட்டுக்கு வந்த போற்றிகள்

தேசிங்குக்கு முதற்போற்றி அவனை வென்றவரிடமிருந்தே வந்தது என்பது வியப்பு. தீயிற் புகுந்த இராணிபாயின் நினைவாக நவாபு இராணிப்பேட்டை என்னும் ஊரை அமைத்தார் என்பர். வென்றோர் தோற்றோரைப் போற்றுதல் பெருந்தன்மையே. எனினும் அப்போற்றியில் மறுப்புக்கு இடமில்லை. திறை மறுத்தவன் மறைந்து, உடன் மாண்ட மனைவி மட்டும் ஊர்ப்பெயராய் எஞ்சினாள்.

அடுத்தது அச்சு. பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களாகக் கதைப்பாடல்கள் பல ஊரெங்கும் பரவின. அல்லியரசாணி மாலை, பவளக்கொடி மாலை முதலியவற்றுக்குப் புகழேந்தியார் பெயர் சூட்டப்பட்டமையை அறிஞர் பலரும் மறுத்துள்ளனர். கட்டியவன் பெயர் தெரியாத பாட்டுக்குப் புகழ்பெற்ற புலவர் பெயரைச் சூட்டுதலும், லிண்டாவின் பாட்டு அவர் பெயரின்றி உலகைச் சுற்றியதும் தம்முள் ஒப்பன. இரண்டிடத்தும் பாடியவன் மறைகின்றான்.

மூன்றாவது திரைப்படம். எம்.ஜி.ஆர். நடித்த ‘ராஜா தேசிங்கு’ 1960-இல் வெளிவந்தது. பாட்டைக் கேளாத பல்லாயிரவர்க்குத் தேசிங்கின் பெயரை அறிவித்த நன்மை அதற்கு உண்டு. ஆயினும் ஒருவரே இருவேடம் பூண்ட அப்படத்தில் கண்கள் யாவும் நாயகனின் உருவத்திலேயே தங்குகின்றன. நட்பும் மறுப்பும் அவ்வுருவத்திற்கு அணிகலன்களாகிவிடுகின்றன. ‘ஆமா’ என்று சொன்ன வாய் கைதட்டலாக மாறிற்று.

நான்காவது அண்மைக் காலத்தது. 2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், இந்தியாவின் மராட்டியப் படைத்துறை நிலக்காட்சிகள் என்னும் பெயரால் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் பன்னிரண்டு கோட்டைகள் சேர்க்கப்பட்டன. தமிழகத்திலிருந்து அதில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றே. கல்லும் மதிலும் காக்கப்படும் என்பது மகிழ்ச்சிக்குரியது. பாட்டு அப்பட்டியலுள் அடங்கும் பொருள் அன்று. அதனைக் காத்தல் பிறர் கடனாக எஞ்சுகின்றது.

இந்நான்கினோடும் குரோனோஸ் தொகுதியை ஒப்பிடுங்கால் அதன் தகுதி விளங்கும். அது பாடகனின் உருவத்தை வழிபடவில்லை, மூலப்பெயர்களை மறைக்கவில்லை, அவனுக்குப் பிற்பட்ட பாட்டையும் சேர்த்துத் தொழிலைத் தொடர்ந்தது. கூட்டத்தின் விடையை மட்டும் அதனால் முழுமையாகக் கொணர இயலவில்லை. நம் போற்றிகளோ உருவத்தை வைத்துக்கொண்டு தொழிலை விட்டன.

ஓர் ஐயமும் விடையும்

ஈண்டு ஒரு தடை எழலாம். சீகர் குடிமக்கள் பக்கம் நின்ற பாடகர். தேசிங்கு குடிகளிடம் வரி வாங்கிய கோட்டைத் தலைவன். அவன் திறை மறுத்தது குடிகளுக்காக அன்று. அங்ஙனமாயின் அவன் பாட்டை எதிர்ப்புப் பாட்டு எனல் எவ்வாறு பொருந்தும்?

தடை வலிமையுடையதே. ஆயினும் இங்கு நாம் ஆராய்வது தேசிங்கின் ஆட்சியை அன்று. அவனைப் பாடிய மக்களின் பாட்டை. வென்ற நவாபைப் பாடாமல் வீழ்ந்தவனைப் பாடத் தேர்ந்தவர் அவர். சமயம் கடந்த நட்பைக் கதையின் நடுவே நிறுத்தியவரும் அவர். அத்தேர்விலேயே அவர்தம் மறுப்பு வெளிப்படுகின்றது. கட்டபொம்மனைப் பாடியோரும் கான்சாகிபைப் பாடியோரும் இவ்வாறே தேர்ந்தனர். நா. வானமாமலை அவர்கள் அக்கதைப்பாடல்களைப் பதிப்பித்தபொழுது, மக்கள் யாரைப் பாடத் தேர்ந்தனர் என்பதே வரலாற்றுச் சான்றாகும் என்னும் நெறி நமக்குத் துலங்கிற்று.

உடன்கட்டை ஏறுதலைப் பாட்டு போற்றுதல் மற்றொரு சிக்கல். இன்றைய அறநோக்கு அதனை ஏற்காது, ஏற்றலும் கூடாது. இதற்கு இருவேறு கடமைகளைப் பிரித்துணர்தல் வேண்டும். பதிப்பாசிரியன் அப்பகுதியை நீக்கலாகாது. உள்ளவாறே அச்சிட்டுத் தன் கருத்தை முன்னுரையிற் கூறுதல் வேண்டும். பாடகனோ காலத்திற்கேற்ப மாற்றிப் பாடலாம். அது வாய்மொழி மரபு அவனுக்கு அளித்த உரிமை. கறுப்பின மக்களின் வழிபாட்டுப் பாட்டொன்று, 1940-களின் இடையே புகையிலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தில் ஒலித்து, ‘வெல்வோம்’ என்னும் உலகப்பாட்டாக வளர்ந்ததும், சீகர் அதில் ஒரு சொல்லை மாற்றியதும் அவ்வுரிமையால் நிகழ்ந்தன. பதிப்பாசிரியன் பாடகனின் உரிமையை எடுத்துக்கொண்டால் சான்று கெடும். பாடகன் பதிப்பாசிரியனைப் போல் எழுத்துக்குக் கட்டுப்பட்டால் பாட்டுச் சாகும்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், எதிர்ப்புப் பாட்டைக் கற்றோர் அவை எடுத்தாளுதல் தன்னளவில் கேடன்று என்பதும், எடுத்தாளும் முறையிலேயே நலமும் கேடும் அமையும் என்பதும் பெறப்படும். பாடகனின் உருவத்தைப் போற்றும் போற்றி பாட்டை முடித்துவைக்கின்றது. தொழிலைத் தொடரும் போற்றி பாட்டை நடத்திச் செல்கின்றது.

தமிழ்த்துறைகளுக்கு இதனாற் பெறப்படும் கடமைகள் மூன்று. கதைப்பாடலைப் பதிவு செய்யுங்கால், அதனைப் பாடியவரின் பெயரை அவர் இசைவோடு முகப்பில் வைத்தல் வேண்டும். புகழ்பெற்ற பெயரின் நிழலில் அவரை மறைத்தலாகாது. பாடுவோர் நாவில் திரிந்து வழங்கும் ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் கொச்சை எனக் கருதித் திருத்தாது, கேட்டவாறே எழுதுதல் வேண்டும். மூன்றாவது பெரிதும் புறக்கணிக்கப்பட்டது: முதற்பாடகரின் குரலோடு பின்பாட்டுக்காரரின் விடையையும், அவையோரின் ‘ஆமா’வையும், பாட்டின் இடையே நிகழும் பேச்சையும் விடாது பதிதல் வேண்டும். அச்சில் அவை இடையூறாகத் தோன்றலாம். பாட்டின் உயிர் அவற்றிலேயே உள்ளது.

குரோனோஸ் நால்வர்க்குச் சீகரின் குரல் ஒலிப்பதிவுப் பேழையிற் கிடைத்தது. அப்பேழை இல்லையேல் ‘கதைசொல்லி’ இல்லை. செஞ்சி வட்டாரத்துக் கூத்துக்களரிகளில் தேசிங்கின் கதையை அறிந்த முதியோர் எவரேனும் பாடக் கிடைப்பின், அவர் குரலும் அவர்க்கு விடை சொல்லும் குரலும் ஒருங்கே பதியப்படுதல் வேண்டும். பின்வரும் தலைமுறையினர் அதனை எக்கருவியில் வாசிப்பினும் வாசிக்க. அவர்க்கு வேண்டும் முதல்நூலைச் சிதையாது வைத்துச் செல்லுதல் நம் தலைமுறையின் பொறுப்பாகும்.